மீட்க முடியாத போர் விமானத்தை அதன் சொந்தப் படையே தகர்ப்பது ஏன்?

எதிரி மண்ணில் பழுதாகி நின்றுவிட்ட ஒரு விமானத்தையோ ஹெலிகாப்டரையோ, பல நூறு கோடி ரூபாய் பெறுமானமுள்ளது என்று தெரிந்திருந்தும், அதன் சொந்தப் படையே வெடிவைத்துத் தகர்ப்பது ஏன் என்பது கேள்வியின் முதல் பாதி. அழித்துத்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு பொத்தானை அழுத்தியதும் தானாகவே வெடித்துச் சிதறும் ஏற்பாட்டை ஏன் அதற்குள் வைத்திருக்கவில்லை என்பது இரண்டாம் பாதி. முதல் பாதிக்குச் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த முடிவில் விமானத்தின் விலைக்குப் பெரிய இடமில்லை. அது எதிரியின் கையில் கிடைத்தால் அவனுக்கு என்னென்ன தெரியவரும், அதைத் திரும்பக் கொண்டுவர எத்தனை பேரின் உயிரைப் பணயம் வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது ஆகிய மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

அழிப்பதுதான் வழக்கம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முடிந்தவரை மீட்பதே எந்தப் படைக்கும் முதல் விருப்பம். வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் சினூக் ஹெலிகாப்டர்களின் அடியில் கயிறு கட்டித் தூக்கியே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழுதான விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் மீட்டிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் தென்சீனக் கடலில் கார்ல் வின்சன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து விழுந்து மூழ்கிய எஃப்-35சி விமானத்தை, ஏறத்தாழ 3,780 மீட்டர் ஆழத்திலிருந்து மார்ச் மாதத் தொடக்கத்தில் வெளியே எடுத்தார்கள். நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் அவசரமாகத் தரையிறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி விமானம், ஹைட்ராலிக் கோளாறு சரிசெய்யப்படும்வரை ஐந்து வாரங்களுக்கு மேல் அங்கேயே இருந்து, ஜூலை 22 அன்று பறந்து சென்றது. நட்பு நாட்டின் மண், சுற்றிலும் காவல், நேரத்துக்குக் குறைவில்லை என்னும் நிலையில் அழிப்பது பற்றிய பேச்சே எழுவதில்லை. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத இடத்தில்தான் அந்தப் பேச்சு தொடங்குகிறது.

அப்படியொரு இடம் பாகிஸ்தானின் அபோட்டாபாத். 2011 மே 2 அதிகாலையில் ஒசாமா பின்லேடனின் வீட்டு வளாகத்தில் இறங்க முயன்ற இரண்டு அமெரிக்கப் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களில் ஒன்று தூக்குவிசையை இழந்து விழுந்தது. அமெரிக்காவில் ஒத்திகைக்காக அமைத்த மாதிரி வளாகத்தைச் சுற்றிக் கம்பிவலை வேலிதான் இருந்தது. உண்மையான வளாகத்திலோ ஆளுயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு உயர்ந்த கெட்டியான சுவர்கள் இருந்தன. ரோட்டார் எனப்படும் சுழல் இறக்கை கீழ்நோக்கித் தள்ளிய காற்று வெளியேற வழியின்றிச் சுவரில் மோதி மேலே சுழன்று வந்ததும், எதிர்பார்த்ததைவிட வெப்பம் கூடுதலாக இருந்ததும் சேர்ந்து ஹெலிகாப்டரைக் கீழே இறக்கிவிட்டன. உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய காயம் இல்லை என்பது விமானியின் திறமைக்குச் சான்று. ஆனால் அந்த ஹெலிகாப்டர் வெளியுலகம் அதுவரை பார்த்திராத வகையைச் சேர்ந்தது. ரேடாரில் எளிதில் சிக்காதபடியும் ஓசை குறையும்படியும் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. பாகிஸ்தான் விமானப்படை விழித்துக்கொள்வதற்குள் அனைவரும் வெளியேறியாக வேண்டியிருந்தது. வீரர்கள் அதற்கு வெடிவைத்துத் தீயிட்டுவிட்டு, காத்திருந்த சினூக்கில் ஏறிச் சென்றார்கள்.

உடற்பகுதி எரிந்து சாம்பலானது. வால்பகுதி மட்டும் சுவருக்கு வெளியே விழுந்து தப்பிவிட்டது. விடிந்ததும் அதன் படங்கள் உலகெங்கும் பரவின. வால் ரோட்டாரின் நடுப்பகுதியை மூடியிருந்த வட்டத் தகட்டையும், வழக்கத்துக்கு மாறான வளைவுகளையும், மேற்பூச்சின் நிறத்தையும் கொண்டு, அப்படியொரு ஹெலிகாப்டர் இருக்கிறது என்பதை விமானவியல் அறிந்தவர்கள் சில மணி நேரத்தில் ஊகித்துவிட்டார்கள். அம்மாதத்திலேயே அமெரிக்க செனட்டர் ஜான் கெரி இஸ்லாமாபாத் சென்று பேசிய பிறகுதான் அந்த வால் திருப்பித் தரப்பட்டது. பத்தில் ஒன்பது பங்கை அழித்தாலும் எஞ்சிய ஒரு பங்கு பேசிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு சிதைவிலிருந்து எதிரி உண்மையிலேயே அவ்வளவு கற்றுக்கொள்ள முடியுமா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அலாஸ்காவின் அக்குடான் தீவில் விழுந்த, ஜீரோ என்ற ஜப்பானியப் போர் விமானத்தை. 1942 ஜூன் 4 அன்று அலாஸ்காவின் டச் ஹார்பர் தளத்தைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களில், ததயோஷி கோகா என்ற இளைஞர் ஓட்டிய ஜீரோவின் எண்ணெய்க் குழாயில் தரையிலிருந்து சுடப்பட்ட குண்டு பாய்ந்தது. அவசரத்துக்கு இறங்குவதற்கென்று முன்பே குறித்துவைக்கப்பட்டிருந்த அக்குடான் தீவில் அவர் இறங்கினார். மேலிருந்து பார்க்கப் புல்வெளியாகத் தெரிந்தது உண்மையில் சதுப்பு நிலம். சக்கரங்கள் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. உடன் பறந்த இருவருக்கும் கட்டளை தெளிவாக இருந்தது: எதிரியின் நிலத்தில் செயலிழந்து கிடக்கும் ஜீரோ எதுவானாலும் சுட்டு எரித்துவிட வேண்டும். மேலே வட்டமிட்ட அவர்கள் சுடவில்லை. தோழன் உள்ளே உயிரோடு இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவர்கள் கையைத் தடுத்தது. கோகா கழுத்து முறிந்து இறந்திருந்தார் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நிலையில் விசையை அழுத்தியிருக்க வேண்டும் என்று நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர்கள், அந்தக் கட்டளை ஒரு மனிதரிடம் எதைக் கேட்கிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 10 அன்று, ஓர் அமெரிக்கக் கடற்படை ரோந்து விமானம் அதைக் கண்டது. சதுப்பிலிருந்து அதை வெளியே எடுத்து, சான் டியாகோவுக்குக் கப்பலில் கொண்டுசென்று, பழுது நீக்கி, செப்டம்பர் 20 அன்று பறக்கவிட்டார்கள். அதுவரை எவராலும் வெல்ல முடியாததுபோல் தோன்றிய விமானத்தின் குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. வேகம் கூடினால் இறக்கையின் திருப்பு மடல்கள் இறுகிவிடுவதால் அது பக்கவாட்டில் மெதுவாகவே உருளும். அதிலும் வலப்புறம் உருள்வது இன்னும் கடினம். மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் தடைபட்டு எஞ்சின் ஒரு கணம் நின்றுவிடும். இதன்பின் அமெரிக்க விமானிகளுக்குக் கிடைத்த அறிவுரை எளிமையானது: ஜீரோ பின்தொடர்ந்தால் மூக்கை அழுத்திப் பாய்ந்து, வேகம் பிடித்து, வலப்புறம் உருண்டு விலகு. இந்த ஜீரோவைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் ஹெல்கேட் போர் விமானத்தை வடிவமைத்தார்கள் என்று பரவலாக எழுதப்படுவது சரியன்று. அக்குடானில் கிடந்த விமானம் கண்ணில் படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்பே, 1942 ஜூன் 26 அன்று, ஹெல்கேட்டின் முதல் மாதிரி பறந்துவிட்டது. எதிரிக்குக் கிடைத்தது புதிய விமானத்துக்கான வரைபடமன்று. கையில் இருந்த விமானத்தைக் கொண்டே எப்படிப் பிழைப்பது என்ற அறிவு கிடைத்தது. ஒரு விமானிக்கு அதன் மதிப்பு குறைவானதன்று.

அப்படியே நகலெடுத்ததும் உண்டு. 1944இல் ஜப்பானிய இலக்குகளைத் தாக்கிவிட்டுச் சேதத்தாலோ எரிபொருள் குறைவாலோ திரும்ப முடியாமல் போன மூன்று அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சோவியத் தூரக்கிழக்கில் முழுதாக இறங்கின. சோவியத் யூனியன் அப்போது அமெரிக்காவின் கூட்டாளி. ஆகவே அவற்றை அழிக்க வேண்டும் என்ற எண்ணம் விமானிகளுக்கு எழக் காரணமில்லை. ஆனால் ஜப்பானுடனான போரில் சோவியத் அப்போது நடுநிலை வகித்ததால், விமானங்களைத் திருப்பித் தரவில்லை. ஸ்டாலினின் ஆணைப்படி விமானப் பொறியாளர் துப்பலேவின் வடிவமைப்பகம் அவற்றில் ஒன்றைக் கடைசித் திருகுவரை பிரித்து அளந்து, டு-4 என்ற பெயரில் நகலெடுத்தது. 1947 மே மாதம் அது பறந்தது. 1951இல் சோவியத்தின் முதல் விமானவழி அணுகுண்டுச் சோதனை அதிலிருந்துதான் நடந்தது. இன்றைய நண்பனின் நிலத்தில் கைவிட்ட பொருளை நாளைய எதிரியிடம் கைவிட்டதாகவே கருத வேண்டும் என்று படைகள் நினைக்கத் தொடங்கியதில் இந்த நிகழ்வுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அழிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம். 660 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். தொட்டியில் எரிபொருள் மிச்சமிருந்தால் தீ தானே வேலையை முடித்துக்கொள்ளும். ஆனால் எதிரி தேடுவது உடலையன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இதைக் குறித்து நடந்த ஒரு வாதம் இன்றைக்கும் படிக்கத்தக்கது. பர்மிங்காமில் 1940இல் ராண்டால், பூட் என்ற இருவர் உருவாக்கிய குழிவு மேக்னட்ரான், குறுகிய அலைநீளத்தில் பெரும் ஆற்றலை வெளியிடும் கருவி. அதைக்கொண்டு மேகத்துக்கு மேலிருந்தே நகரங்களின் வடிவத்தைத் திரையில் காட்டும் எச்2எஸ் ரேடாரைக் குண்டுவீச்சு விமானங்களில் பொருத்த விரும்பினார்கள். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுந்தது. மேக்னட்ரானின் உயிர்நாடி துளைகளிட்ட ஒரு கனத்த செம்புக் கட்டி. பிடிபட்ட ஜெர்மன் விமானம் ஒன்றின் உடலில் வைத்து வெடிவைத்துச் சோதித்தபோது, விமானத்தின் உடலில் பெரிய ஓட்டை விழுந்தது. செம்புக் கட்டியோ அடையாளம் காணும் நிலையிலேயே எஞ்சியது. எளிதில் அழித்துவிடக்கூடிய கிளைஸ்ட்ரான் என்ற மாற்றுக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டமன் வலியுறுத்தினார். ஆனால் அதன் ஆற்றல் போதவில்லை. கடைசியில் மேக்னட்ரானையே பொருத்தினார்கள். 1943 ஜனவரி இறுதியில் எச்2எஸ் முதன்முதலாகப் போருக்குச் சென்றது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 2ஆம் தேதி இரவு ஒரு ஸ்டிர்லிங் விமானம் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் அருகே விழுந்து, கருவி ஜெர்மானியரிடம் சிக்கியது. அவர்கள் அதற்கு ரோட்டர்டாம் கருவி என்றே பெயரிட்டார்கள். பின்னர் அதன் அலைகளை மோப்பம் பிடித்துக் குண்டுவீச்சு விமானங்களைத் தேடிவரும் ஏற்பிகளையும் உருவாக்கினார்கள்.

இத்தகைய அனுபவங்களிலிருந்துதான் இன்றைய நடைமுறை உருவாகியிருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையில் விமானங்களை எதிரி பயன்படுத்த முடியாதபடி அழிப்பதற்கென்றே தனிக் கையேடு இருக்கிறது. எதை முதலில் அழிப்பது என்ற வரிசையே இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். முதலில் சங்கேதக் குறியீடுகள். அதாவது வானொலியிலும், நண்பனா பகைவனா என்று அறியும் கருவியிலும் ஏற்றப்பட்டிருக்கும் மறைக்குறிகள். இவற்றை விமானி அறையிலுள்ள ஒரு விசையாலேயே நொடியில் துடைத்தெறிந்துவிடலாம். அடுத்து ஆவணங்கள், வரைபடங்கள், உணர்கருவிகள், ஆயுதங்கள். உடல் கடைசியில்தான் வரும். ஒரே இடத்தில் பல விமானங்கள் கைவிடப்படுமானால், எல்லாவற்றிலும் ஒரே பாகத்தையே அழிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒன்றில் எஞ்சினையும் மற்றொன்றில் பற்சக்கரப் பெட்டியையும் உடைத்துவிட்டுச் சென்றால், இரண்டையும் சேர்த்து எதிரி ஒரு முழு ஹெலிகாப்டரைத் தேற்றிக்கொள்வான். கெட்டியான பாகங்களுக்குத் தெர்மைட் பயன்படுகிறது. அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்து எரியும் அந்தக் கலவை, 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கி எஃகையும் உருக்கிவிடும். வெடிமருந்து பாகங்களைச் சிதறடிக்கிறது. தெர்மைட் அவற்றை உருவமற்ற கட்டியாக்குகிறது. சிதறியதைப் பொறுக்கிச் சேர்க்கலாம், உருகியதைச் சேர்க்க முடியாது என்பதால், இரகசியம் உள்ள இடத்தில் இரண்டாவதற்கே மதிப்பு அதிகம்.

ஆட்களை அருகில் நிறுத்திவைக்க முடியாதபோது வானிலிருந்து குண்டு வீசி முடிக்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் 2009 ஆகஸ்டில் பிரிட்டன் இரண்டு சினூக்குகளை இழந்தது. எதிரியின் சூட்டில் தரையிறங்கிய ஒன்றை விமானத் தாக்குதலாலும், கடினமாகத் தரையில் மோதி இறங்கிய மற்றொன்றை வெடிமருந்தாலும் அதன் படைகள் அழித்தன. 2017 ஜனவரியில் யேமனில் தரையில் மோதி இறங்கிய ஓர் ஆஸ்ப்ரே விமானத்தையும் அமெரிக்கா குண்டுவீசியே அழித்தது.

அழிக்கும் வேலையைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டவர்கள் அதை நன்றாகச் செய்திருக்கிறார்கள். 1970 நவம்பர் 21 அன்று வடவியட்நாமின் சோன் தாய் சிறைமுகாமிலிருந்து தங்கள் நாட்டுக் கைதிகளை மீட்கச் சென்ற அமெரிக்கர்கள், ஒரு ஹெலிகாப்டரை முகாமின் குறுகிய முற்றத்துக்குள் மரங்களை வெட்டிக்கொண்டு வேண்டுமென்றே மோதி இறக்கினார்கள். அது திரும்பப் போவதில்லை என்று புறப்படும் முன்பே அனைவருக்கும் தெரியும். நேரக்கருவி பொருத்திய வெடிமருந்தும் அதனுடனேயே சென்றது. கைதிகள் முன்பே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால் மீட்பு தோற்றது. ஆனால் ஹெலிகாப்டர் திட்டமிட்டபடி வெடித்தது.

அதற்கு நேர்மாறானது 1980 ஏப்ரலில் ஈரானியப் பாலைவனத்தில் நடந்தது. தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கப் புறப்பட்ட எட்டு அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஆறு மட்டுமே பாலைவனச் சந்திப்பிடத்தை அடைந்தன. அவற்றிலும் ஒன்று பழுது. பணியைக் கைவிட்டுத் திரும்ப முடிவெடுத்த பிறகு, ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏற்றிவந்த போக்குவரத்து விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். தீயும் வெடித்துச் சிதறும் குண்டுகளும் சூழ, எஞ்சியவர்கள் மற்ற விமானங்களில் ஏறித் தப்பினார்கள். ஐந்து ஹெலிகாப்டர்கள் அப்படியே நின்றன. உள்ளே இரகசிய ஆவணங்களும் இருந்தன. அந்த வகை ஹெலிகாப்டர்களை ஷா ஆட்சிக் காலத்திலேயே ஈரான் வாங்கியிருந்ததால் தொழில்நுட்ப இழப்பு பெரிதன்று. ஆவணங்களின் இழப்புதான் கனத்தது. ஈரானுக்குள் இருந்து உதவியவர்களின் உயிர் அவற்றைச் சார்ந்திருந்தது. உலோகத்தைப் பற்றி மட்டும் பேசும் கட்டுரைகள் இதைக் கடந்துபோய்விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. விமானத்தில் ஒரு பையில் கிடக்கும் காகிதம், சில நேரம் விமானத்தைவிடக் கூடுதலான சேதத்தை விளைவிக்கும்.

சில வேளைகளில் அழிக்கும் வல்லமை இருந்தும் அழிக்க முடிவதில்லை. 1999 மார்ச் 27 இரவு செர்பியாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட, ரேடாரில் எளிதில் சிக்காத அமெரிக்க எஃப்-117 விமானத்தின் இறக்கை மீது ஊர் மக்கள் ஏறி நிற்பதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் கூட்டத்தின் மேல் குண்டு வீசுவதை எந்த அரசும் நியாயப்படுத்த முடியாது. அதன் பாகங்கள் இன்று பெல்கிரேடு விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2011 டிசம்பரில் ஈரானிடம் சிக்கிய அமெரிக்காவின் ஆர்க்யூ-170 ஆளில்லா உளவு விமானத்தின் நிலையும் இதைப் போன்றதே. போர் நடக்காத ஒரு நாட்டுக்குள் நுழைந்து அதை அழிப்பது போரைத் தொடங்குவதாகிவிடும். அமெரிக்க அதிபர் ஒபாமா அதைத் திருப்பித் தருமாறு வெளிப்படையாகக் கேட்டார். ஈரான் தரவில்லை, சில ஆண்டுகளில் அதன் வடிவத்தை ஒட்டிய விமானங்களைத் தானே பறக்கவிட்டது.

இனி, தானாக வெடிக்கும் ஏற்பாடு ஏன் இல்லை என்ற இரண்டாம் பாதிக்கு வருகிறேன். முழு விமானத்தையும் சிதறடிக்கும் அளவு வெடிமருந்தை எப்போதும் உள்ளே வைத்துக்கொண்டு பறப்பதென்றால், ஒவ்வொரு மின்னலும், ஒவ்வொரு மின்கோளாறும், எதிரியின் ஒவ்வொரு தோட்டாவும் அதைத் தூண்டிவிடும் ஆபத்தையும் சுமந்துகொண்டே பறப்பதாகும். ஆண்டுக்கணக்கில் அதன் அருகில் வேலை செய்யும் பராமரிப்பாளர்களுக்கும் அதே ஆபத்து. என்றோ ஒருநாள் எதிரி மண்ணில் விழக்கூடும் என்பதற்காக அன்றாடம் சொந்த ஆட்களை அந்த அபாயத்தில் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. ஆகையால் சிறிய, குறிப்பிட்ட கருவிகளுக்கு மட்டுமே அந்த ஏற்பாடு செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானங்களில், நண்பனா பகைவனா என்று அறியும் கருவிக்குள் ஒரு சிறு வெடியூக்கி இருந்தது. கைதவறி வெடித்துவிடாமலிருக்க, இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் அது வேலை செய்யும்படி அமைத்திருந்தார்கள்.

இன்று வெடிமருந்துக்குப் பதிலாக, மின்னணு நினைவகத்தைத் துடைத்தழிப்பதன் மூலம் அந்த வேலை நடக்கிறது. விமானி இருக்கையோடு வெளியே வீசப்படும்போதே மறைக்குறிகள் அழிந்துபோகும்படி சில விமானங்களில் அமைத்திருக்கிறார்கள். மற்றவற்றை ஆட்கள்தான் கைகளால் அழிக்க வேண்டியிருக்கிறது. 2001 ஏப்ரல் 1 அன்று சீனப் போர் விமானத்துடன் மோதி ஹைனான் தீவில் இறங்க நேர்ந்த அமெரிக்க உளவு விமானத்தில் 24 பேர் இருந்தார்கள். இறங்குவதற்கு முன் கிடைத்த சில நிமிடங்களிலும், இறங்கிய பின் கதவு திறக்கும்வரை கிடைத்த சிறிது நேரத்திலும், கோடரியால் கருவிகளை உடைத்தும், காகிதங்களைக் கையால் கிழித்தும், கணினிப் பாகங்களின் மேல் சூடான காபியை ஊற்றியும் அவர்கள் முயன்றார்கள். அதற்கான கருவிகளும் பயிற்சியும் அவர்களுக்குப் போதிய அளவு தரப்பட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை. பதினொரு நாள் காவலுக்குப் பின் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். விமானத்தை அங்கிருந்து பறக்கவிடச் சீனா அனுமதிக்காததால், அது துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஜூலை தொடக்கத்தில் ஒரு ரஷ்ய அன்டோனோவ் சரக்கு விமானத்தில் ஏற்றித் திருப்பியனுப்பப்பட்டது.